வாணி விழாவும் வைசன்ஸ்டைன் மலையும்

பழைய நண்பர்களைப் பார்க்க ஆசையாக இருந்தால் சாப்பிடக் கூப்பிடாதீர்கள், வேலைக்குக் கூப்பிடுங்கள். என்னைவிட இளைய பிள்ளைகள் "அக்கா, எங்கட பழைய வகுப்பு இப்ப ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிறதே இல்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது இதைத்தான். உணவகத்தில் மேசை பதிவு செய்து, எதிரெதிரே உட்கார்ந்து, "பிறகு? வேறென்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் அரை மணி நேரத்தில் கதை வற்றிவிடும். கைகள் தாமாகத் தொலைபேசியைத் தேடும். அதே ஆட்களை ஒரு மண்டபத்தின் சமையலறைக்குள் விட்டு, ஐந்து கிலோ கடலையும் ஒரு பெரிய சட்டியும் கொடுத்துப் பாருங்கள். இரவு மண்டபத்தைப் பூட்டும் வரைக்கும் பேச்சு ஓயாது.

நான் சுவிற்சர்லாந்தில் சோலோதுர்னில் பிறந்து வளர்ந்தவள். இப்போது இங்குள்ள கன்டோன்ஸ்ஷூலே என்னும் மாநில மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருடம் படிக்கிறேன். அடுத்த ஜூனில் மத்தூரா என்னும் இறுதித் தேர்வு. என் நெருங்கிய நண்பர்கள் யாரும் அங்கே என்னோடு படிப்பவர்கள் அல்ல. அவர்கள் தமிழ்ப் பாடசாலையில் கிடைத்தவர்கள். சுவிஸ் பள்ளிகளில் புதன்கிழமை பின்னேரம் வகுப்பு இல்லை என்பதால் அந்த நேரத்தில்தான் எங்களுக்குத் தமிழ் வகுப்பு. மற்றப் பிள்ளைகள் பந்தடிக்கவும் நீந்தவும் போக, நாங்கள் புத்தகப் பையோடு இன்னொரு பள்ளிக்கூடம் போவோம். முதலாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அப்படித்தான். வருடம் ஒருமுறை நாடு முழுவதும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரே நாளில் எழுதும் பொதுத்தேர்வுக்கும் சேர்ந்தே போனோம். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் "அந்தக் கடிதம் எழுதினியா, கட்டுரை எழுதினியா?" என்று கேட்டுக்கொண்டு நின்ற அந்தப் பத்து நிமிடங்கள் இல்லாவிட்டால் நாங்கள் நண்பர்களாக ஆகியிருப்போமா என்று எனக்குச் சந்தேகம்.

இந்த மாநிலத்தில் ஆறாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை மூன்று வழிகளாகப் பிரித்துவிடுவார்கள். செக் B, செக் E, செக் P என்பவை அந்தப் பிரிவுகள். கடைசிப் பிரிவுக்குப் போகிறவர்கள் பிறகு கன்டோன்ஸ்ஷூலேக்குப் போகலாம். மற்றவர்களில் பெரும்பாலானோர் பதினைந்து, பதினாறு வயதில் லேரே என்னும் தொழிற்பயிற்சிக்குப் போய்விடுவார்கள். அதை யாரும் குறைவாக நினைக்கத் தேவையில்லை. இந்த நாடு ஓடுவதே லேரே படித்தவர்களால்தான். ஆனால் நட்புக்கு அது ஒரு பெரிய சோதனை. பன்னிரண்டு வயது வரை ஒரே மாதிரி இருந்த எங்கள் நாட்கள் அதற்குப் பிறகு ஒத்துப்போகவே இல்லை. என் தோழி ஒருத்தி முதியோர் இல்லத்தில் தாதிமைப் பயிற்சியில் மூன்றாம் வருடம். காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கும், வார இறுதிகளிலும் முறை வரும். இன்னொருவன் மின்சார வேலை பழகுகிறான். அது நான்கு வருடப் பயிற்சி, இப்போது கடைசி வருடத்தில் இருக்கிறான். ஒருவன் துணிக்கடையில் பழகுவதால் சனிக்கிழமைதான் அவனுக்கு மிகவும் வேலையான நாள். எங்களைவிட ஒரு வயது மூத்தவன் கோடையில் இராணுவப் பயிற்சிக்குப் போனான். பதினெட்டு வாரங்கள். சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு விடுவார்கள், ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். இன்னொருத்தியின் குடும்பம் பீல் நகரத்துக்கு மாறிப்போய்விட்டது. எனக்கோ வருடத்தில் எத்தனையோ வார விடுமுறை. பயிற்சியில் இருப்பவர்களுக்குச் சட்டப்படி உறுதியானது ஐந்து வாரம் மட்டும்.

ஆகவே முதல் பாடம் நாள் குறிப்பதில் இருக்கிறது. மாணவர்கள் நாள் குறிக்கக் கூடாது. யாருடைய நேரம் மிகவும் இறுக்கமோ அவர்தான் குறிக்க வேண்டும். எங்கள் குழுவில் அது தாதிமை பழகும் தோழி. அவளுடைய வேலை அட்டவணை வாரங்களுக்கு முன்பே எழுதப்பட்டுவிடும். எழுதிய பிறகு மாற்றுவதென்றால் இன்னொருவரிடம் போய்க் கெஞ்ச வேண்டும். அதனால் கோடை விடுமுறை முடியும்போதே பாடசாலை நிர்வாகியிடம் "இந்த முறை வாணி விழா எப்ப, ரீச்சர்?" என்று கேட்டு நாளை வாங்கி, முதலில் அவளுக்கு அனுப்புவேன். அவள் தன் இல்லத்தில் விழா நாளையும் மறுநாளையும் விடுப்பாகக் கேட்டு வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குச் செய்தி போகும். வாட்ஸ்அப் குழுவில் "எப்ப சந்திப்பம்?" என்று பொதுவாகக் கேட்டு ஒரு முடிவு வந்ததை நான் கண்டதில்லை. நாளைச் சொல்லிவிட்டு, "நீ எத்தனை மணிக்கு வருவாய்?" என்று தனித்தனியாகக் கேட்டால் பதில் வரும்.

வாணி விழாவையே ஏன் பிடித்துக்கொண்டோம் என்றும் சொல்ல வேண்டும். ஈழத்துப் பள்ளிக்கூடங்களில் நவராத்திரியின் கடைசி நாட்களில் சரஸ்வதிக்கு எடுக்கும் விழா இது. அம்மாவும் அப்பாவும் தங்கள் பள்ளிக்காலத்தைப் பற்றி எதைச் சொல்லத் தொடங்கினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள்: எந்த வகுப்பு எந்த நாள் பூசையைப் பொறுப்பெடுத்தது, யாருடைய வீட்டில் இருந்து வாழைக்குலை வந்தது, அவல் யார் குழைத்தது. சோலோதுர்னில் அது ஒரே நாள் விழாவாகச் சுருங்கிவிட்டது. பல வருடங்களில் நவராத்திரி இலையுதிர்கால விடுமுறைக்குள் வந்து விழும். பாதிக் குடும்பங்கள் ஊரில் இருக்காது. எனவே எங்கள் பாடசாலையில் விடுமுறை முடிந்து வரும் ஒரு சனிக்கிழமையில் வைப்பார்கள். சின்னப் பிள்ளைகள் குமரகுருபரரின் சகலகலாவல்லிமாலையைப் பாடுவார்கள். பத்துப் பாடல்கள், வகுப்புக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அதன்பின் நடனம், நாடகம், பேச்சு, சாப்பாடு. டிசம்பரில் ஒளி விழாவும் உண்டு, தையில் பொங்கலும் உண்டு. ஆனால் இலையுதிர்காலத்தில் மண்டபத்துக்குள் மூன்று தலைமுறையும் ஒன்றாக வேலை செய்யும் நாள் இதுதான்.

பத்தாம் வகுப்பு முடித்ததும் பெரும்பாலான பழைய மாணவர்கள் விழாவுக்கு விருந்தினராக வருகிறார்கள். நல்ல உடுப்பு உடுத்து, பின்வரிசையில் இருந்து, இரண்டு நடனம் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்படி வந்தால் அடுத்த வருடம் வரத் தோன்றாது. வேலை கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்காத நிர்வாகி இல்லை. அங்கே எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். வேலையையும் அவரவர் நேரத்துக்கு ஏற்பப் பிரியுங்கள். இராணுவத்தில் இருந்து வருபவன் சனி பகல் வந்து சேர்வான், மேசை கதிரை தூக்குவது அவன் பொறுப்பு. மின்சாரம் பழகுபவனுக்கு ஒலிவாங்கியும் விளக்குகளும். துணிக்கடைக்காரன் கடை பூட்டிய பிறகே வர முடியும் என்பதால் அவனுக்குத் துப்புரவு. "நான் கடைசியா வந்து என்ன செய்ய?" என்று அவன் முதல் வருடம் தயங்கினான். கடைசி இரண்டு மணி நேரம்தான் உண்மையில் ஆள் தேவைப்படும் நேரம். மற்றவர்கள் மண்டப வேலையில் களைத்துப்போயிருக்க, புதிதாக வந்து கைகொடுப்பவன் ஒருவன் இருந்தால் அது எவ்வளவு பெரிய உதவி என்று மண்டபம் கழுவியவர்களுக்குத் தெரியும்.

மண்டபத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது யாரும் எழுதி வைக்காத அறிவு. வாடகை மண்டபத்தில் உங்களுக்கு முக்கியமான மனிதர் அப்வார்ட், அதாவது மண்டபக் காவலர். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே அவரை நேரில் போய்ப் பாருங்கள். திறப்பு வாங்கும் நேரத்தில் முதன்முதலாகச் சந்திப்பது சரியல்ல. குத்துவிளக்கு ஏற்றுவோம், தீபம் காட்டுவோம் என்பதை முதலிலேயே சொல்லி அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். கூரையில் புகை உணர்கருவி எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதற்கு நேர் கீழே சரஸ்வதி படத்தை வைக்காதீர்கள். கற்பூரமும் சாம்பிராணியும் அதற்குப் பகை. நாங்கள் உள்ளே நெய்த்திரி மட்டும் ஏற்றுகிறோம். சாம்பிராணிப் புகை வெளி வாசலோடு சரி. விளக்கின் கீழே ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு வைத்தால் எண்ணெய் நிலத்தில் சிந்தாது. விளையாட்டு மண்டபங்களின் நிலத்தில் எண்ணெய்க் கறை பட்டால் அதை எடுப்பது பெரிய செலவு. குப்பைக்கு அந்தந்த ஊராட்சியில் செல்லுபடியாகும் கட்டணப் பையை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு அதைத் தேடி எந்தக் கடைக்கும் போக முடியாது. இரவில் வாகனத் தரிப்பிடத்தில் நின்று சத்தமாகக் கதைக்காதீர்கள். பத்து மணிக்குப் பிறகு அயலவர்கள் அமைதியை எதிர்பார்ப்பார்கள். அடுத்த வருடம் மண்டபம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அந்தக் கடைசி அரை மணியில்தான் தீர்மானமாகிறது.

சமையலறையில் நடப்பது வேறு ஒரு விழா. அங்கே கடலை அவிந்துகொண்டிருக்கும், அவலுக்குத் தேங்காய் துருவ வேண்டும், வடைக்கு வெங்காயம் வெட்ட வேண்டும், மரக்கறி ரோல்ஸ் பொரிக்க வேண்டும். சென்ற முறை தாதிமை பழகும் தோழி என் பக்கத்தில் நின்று தேங்காய்ப்பூவையும் சர்க்கரையையும் அவலோடு பிசைந்துகொண்டிருந்தாள். குளிர்பெட்டியில் உறைந்திருந்த தேங்காய்ப்பூ அது. கட்டிகளை விரலால் உடைத்து உடைத்துத்தான் கலக்க வேண்டும். அதைச் செய்தபடியே, தலை நிமிராமல், தான் பராமரித்த ஒரு பாட்டி அந்த வாரம் இறந்துபோனதைச் சொன்னாள். சுவிஸ் பாட்டி. மகன் வந்து சேரும் வரை இவள்தான் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாளாம். "வீட்டை சொன்னால் அம்மா பயப்பிடுவா. அதான் சொல்லேல்ல" என்றாள். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் சர்க்கரையைக் கூடக் கொட்டினேன். அவளும் பிசைந்துகொண்டே இருந்தாள். முகம் பார்க்கத் தேவையில்லாத இடத்தில், கைக்கு ஒரு வேலை இருக்கும்போதுதான் அப்படியான கதைகள் வெளியே வரும். ஒரு கோப்பி மேசையில் நான் நேராகக் கேட்டிருந்தால் "எல்லாம் நல்லாப் போகுது" என்ற ஒரு பதில்தான் கிடைத்திருக்கும்.

பகலில் ஏடு தொடக்கல் நடந்தது. விசயதசமியன்று கோயிலில் தொடக்காத சின்னப் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலும் ஒருமுறை செய்வார்கள். தட்டில் பச்சரிசி பரப்பி, பெரியவர் ஒருவர் மடியில் பிள்ளையை வைத்து, விரலைப் பிடித்து "அ" எழுதுவிப்பார். எங்கள் குழுவுக்குக் கொடுத்திருந்த வேலை, வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அழாமல் பார்த்துக்கொள்வதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறகு அரிசியைக் கையால் தட்டிச் சமமாக்குவதும். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி தன் விரலை விடுவித்துக்கொண்டு தானே எழுதப் பார்த்தாள். வட்டம்தான் வந்தது, அரிசி இரண்டு பக்கமும் சிந்தியது. அவளுடைய அப்பா அவளிடம் சுவிஸ் ஜேர்மனில் ஏதோ சொன்னார், அப்பம்மா தமிழில் சொன்னார், அவள் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு மறுபடியும் வட்டம் போட்டாள். அந்த அரிசியைத் தட்டிச் சமமாக்கியவன் இராணுவ முகாமில் இருந்து அன்று காலைதான் வந்தவன். ஒட்ட வெட்டிய தலையும் கையில் பச்சரிசி மாவுமாக அவன் அங்கே முழங்காலில் இருந்ததைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

விழா முடிந்ததும் அப்படியே பிரிந்துவிடாதீர்கள். அடுத்த நாளையும் சேர்த்தே திட்டமிடுங்கள். இது என் இரண்டாவது பாடம். விழா நாள் வேலைக்குரியது. ஒன்றாக இருப்பதற்கு மறுநாள் வேண்டும். அதுவும் நடந்து போகும் இடமாக இருக்க வேண்டும். நடக்கும்போது இரண்டிரண்டு பேராகச் சேர்வோம், பாதை வளையும்போது சோடி மாறும். ஆறு பேர் என்றால் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் தனியாகக் கொஞ்ச நேரம் கதைக்கக் கிடைக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் சத்தமாகப் பேசுபவர் ஒருவரே முழுநேரமும் பேசிக்கொண்டிருப்பார்.

சோலோதுர்னில் இருப்பவர்களுக்கு அப்படி ஓர் இடம் பின்புறத்திலேயே இருக்கிறது. யூரா மலைத்தொடரில் உள்ள வைசன்ஸ்டைன். விடுதி இருக்கும் இடம் 1,284 மீற்றர் உயரம். ஓபர்டோர்ஃப் ஊரில் இருந்து கொண்டோலா என்னும் கம்பிவட வண்டி மேலே போகும். முன்பு அங்கே பக்கவாட்டில் பார்த்தபடி உட்காரும் பழைய கதிரை வண்டி ஒன்று இருந்தது. 1950இல் வந்தது, 2009இல் நின்றது. 2014 டிசம்பரில் இருந்து இப்போதுள்ள மூடிய கூண்டுகள் ஓடுகின்றன. எங்கள் அப்பாமார் சிலர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அந்தப் பழைய வண்டியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போன படங்களை இன்னும் ஆல்பத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஒக்டோபர் கடைசியில் போவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் ஆர் நதிப் பள்ளத்தாக்கு முழுவதும் நாட்கணக்கில் மூடுபனி படுத்துக் கிடக்கும். ஊருக்குள் எல்லாம் சாம்பல் நிறம், மனமும் அப்படியே ஆகிவிடும். பனிப்படலத்தின் மேல் எல்லை பெரும்பாலும் மலையுச்சிக்குக் கீழேயே நின்றுவிடும். கொண்டோலா ஈரமான வெண்மைக்குள்ளே ஏறிக்கொண்டிருக்கும், கண்ணாடியில் நீர்த்துளிகள் ஓடும், எதிரே வரும் கூண்டு பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். திடீரென்று வெயில். கீழே வெள்ளைக் கடல், அதற்கு அப்பால் ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் உட்பட அல்ப்ஸ் மலைகள் வரிசையாக நிற்கும். போவதற்கு முன் மலையில் உள்ள நேரலைப் படக்கருவியைக் கைத்தொலைபேசியில் பாருங்கள். கீழே பனி என்பதற்காகப் பயணத்தைக் கைவிடாதீர்கள், மேலேயும் பனியா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பலத்த காற்று அடித்தால் வண்டி நிற்கும், வருடாந்தப் பராமரிப்புக்கு மூடும் நாட்களும் உண்டு. அதையும் சரிபார்த்து வைப்பது நல்லது. ஹல்ப்டாக்ஸ் என்னும் அரைக்கட்டண அட்டைக்கு அங்கும் கழிவு கிடைக்கும்.

மேலே போனதும் கோப்பி குடிக்க விடுதிக்குள் போகாமல் எங்கள் குழு பிடிப்பது கோள்களின் பாதை. விடுதிக்குப் பக்கத்தில் சூரியன், அங்கிருந்து மலை முகட்டோடு மேற்கே மற்றக் கோள்கள். ஒரு மீற்றர் நடந்தால் விண்வெளியில் பத்து இலட்சம் கிலோமீற்றர் என்பது கணக்கு. பூமி 150 மீற்றரிலேயே வந்துவிடும், செவ்வாயும் அடுத்த சில நிமிடங்களில். வியாழனுக்கு 778 மீற்றர், சனிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு. அதற்குப் பிறகு இடைவெளி நீண்டுகொண்டே போகும். புளூட்டோ கிட்டத்தட்ட ஆறு கிலோமீற்றருக்கு அப்பால், கிரென்ஹன் மலைப் பக்கம். நண்பர்களோடு நடக்க இதைவிடப் பொருத்தமான பாதையை நான் இன்னும் காணவில்லை. தொடக்கத்தில் ஒவ்வொரு பலகையிலும் நின்று, படம் எடுத்து, பகிடி விட்டுக்கொண்டு போவோம். வியாழனைத் தாண்டியதும் பார்க்க ஒன்றும் இல்லாத நீண்ட நடை வரும். அங்கேதான் உண்மையான கதைகள் தொடங்கும். பீலுக்குப் போன தோழி புதிய ஊரில் ஒரு வருடமாகத் தனக்கு நெருங்கிய நட்பு யாரும் கிடைக்கவில்லை என்று சொன்னது வியாழனுக்கும் சனிக்கும் நடுவில்தான். மின்சாரம் பழகுபவன், பயிற்சி முடிந்ததும் தொழிற்கல்வி மத்தூரா செய்து மேலே படிக்கலாமா என்று யோசிப்பதையும் அங்கேயே சொன்னான். "நீ படிக்கிறவள், சொல்லன், என்னால ஏலுமோ?" என்று கேட்டான். ஏலும் என்றேன். மனதாரச் சொன்னேன், ஏனென்றால் தமிழ்ப் பாடசாலையில் கணக்கில் எனக்கு உதவி செய்தவனே அவன்தான்.

இராணுவத்துக்காரன் இரவு முகாமுக்குத் திரும்ப வேண்டும் என்பதால் சனிக் கோளோடு திரும்பினோம். முழுப் பாதையும் நடக்க விரும்புபவர்கள் அரை நாளை ஒதுக்கிவிட்டு, நல்ல சப்பாத்தோடு வர வேண்டும். இலையுதிர்காலத்தில் பாதையில் சேறும் ஈர இலையுமாக இருக்கும், சறுக்கும்.

சாப்பாட்டுக்கு முதல் நாள் விழாவில் மிஞ்சிய ரோல்ஸும் கடலையும் போதும். இதைச் சிக்கனம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். எங்கள் வயதில் நட்பை அரிக்கும் விசயங்களில் காசும் ஒன்று. தொழிற்பயிற்சியில் இருப்பவர்களுக்கு மாதச் சம்பளம் வருகிறது. படிப்பவர்களுக்குப் பெற்றோர் கொடுத்தால்தான் உண்டு. சம்பளம் வாங்குபவர்களிலும் சிலர் வீட்டு வாடகைக்கு உதவுகிறார்கள், சிலர் ஊருக்கு அனுப்பும் காசில் பங்கு போடுகிறார்கள். ஆகவே விலை கூடிய இடத்தைத் திட்டமிட்டால் யாரோ ஒருவர் "எனக்கு அண்டைக்கு ஏலாது" என்று சொல்லி ஒதுங்குவார், காரணம் சொல்லமாட்டார். நாங்கள் செலவை முன்கூட்டியே ஒரு வரியில் எழுதி அனுப்புகிறோம்: ரயில் இவ்வளவு, கொண்டோலா இவ்வளவு, சாப்பாடு விழாச் சாப்பாடு. ஓபர்டோர்ஃபில் இருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடந்தும் ஏறலாம் என்பதையும் சேர்த்தே எழுதுவோம். ஒருவர் நடக்க விரும்பினால் எல்லோரும் நடப்போம். ஒருவர் முதலில் காசைக் கட்டினால் அன்றிரவே மற்றவர்கள் ட்வின்ட் செயலியில் அனுப்பிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஒரே சட்டம்.

பெற்றோரையும் மறந்துவிடக் கூடாது. பெண்பிள்ளைகள் வீட்டில் அனுமதி கேட்கத் தயங்கி, கடைசியில் வராமல் விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வாணி விழாவை ஒட்டிப் பயணம் வைப்பதால் எங்களுக்கு அது இலகுவாகிவிட்டது. முதல் நாள் மண்டபத்தில் எல்லோருடைய அம்மாமாரும் நிற்பார்கள். நாங்கள் ஒன்றாக வேலை செய்வதை அவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். அங்கேயே போய், "அன்ரி, நாளைக்கு இவவையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போறம், நாலு மணிக்குள்ள ஸ்டேசனில நிப்பம்" என்று நேரில் சொல்லிவிடுவேன். தொலைபேசியில் மகள் கேட்பதற்கும், சமையலறையில் பக்கத்தில் நின்ற பிள்ளை கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சொன்ன நேரத்துக்குத் திரும்புவதும், நடுவில் ஒரு படம் அனுப்புவதும் நம் கடமை. அந்த நம்பிக்கையால்தான் அடுத்த பயணத்துக்கு வழி திறக்கும்.

மழை பெய்தால், அல்லது யாருக்காவது மலை ஏறச் சக்தி இல்லாவிட்டால், வெரேனா பள்ளத்தாக்கு இருக்கிறது. பழைய நகரத்தில் இருந்து அரை மணி நேரம் அளவு நடை. சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஓடை, ஓடையோடு பாதை. பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி இங்கே வந்த பிரபு பிறத்தய் 1791இல் அமைப்பித்தது அந்தப் பாதை. முடிவில் பாறையோடு ஒட்டிய சிறு தேவாலயங்களும் ஒரு துறவியின் குடிலும். இப்போதும் அங்கே ஒரு துறவியைச் சோலோதுர்ன் நகரத்துக் குடிமக்கள் சபை சம்பளம் கொடுத்து அமர்த்துகிறது. புனித வெரேனா எகிப்தில் இருந்து வந்தவர் என்பது ஐதீகம். நோயாளிகளைக் கழுவி, ஏழைகளின் தலை வாரிவிட்டவர் என்பதால் கையில் சீப்பும் குடமும் வைத்தபடி அவரைச் சித்தரிப்பார்கள். விழாவுக்கு முந்திய மழை வார இறுதி ஒன்றில் அங்கே போனபோது இந்தக் கதையைச் சொன்னேன். தாதிமை பழகும் தோழி வெகு நேரம் அங்கேயே நின்றாள். "இதைத்தானே நானும் காலமை ஏழு மணிக்குச் செய்யிறன்" என்றாள். தூர தேசத்தில் இருந்து வந்து இங்குள்ள நோயாளிகளைப் பராமரித்த பெண்ணை இந்த ஊர் இத்தனை நூற்றாண்டு நினைவில் வைத்திருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே பெரிய விசயமாகப் பட்டது.

கேள்விகளிலும் கவனம் தேவை. "எவ்வளவு சம்பளம்?", "எத்தனை புள்ளி?", "ஆரையாவது பார்க்கிறியா?" இந்த மூன்றையும் அன்றைக்கு அன்ரிமார் கேட்டு முடித்திருப்பார்கள். நண்பர்களும் கேட்கத் தேவையில்லை. நான் கேட்பது, "உன்ர நாள் எப்பிடித் தொடங்கும்?" என்பதுதான். எத்தனை மணிக்கு எழும்புகிறாய், எந்த ரயில் பிடிக்கிறாய், முதலில் யாரைப் பார்க்கிறாய் என்று கேட்டால், நான் பார்த்தறியாத ஒரு உலகத்தை அவர்கள் காட்டுவார்கள். முகாமில் விடியற்காலை என்ன நடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? புதுக் கட்டடத்தில் சுவர் பூசுவதற்கு முன் எங்கே குழாய் வைக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? மொழியையும் கட்டாயப்படுத்தாதீர்கள். நாங்கள் பாதி சோலோதுர்ன் ஜேர்மனிலும் பாதி தமிழிலும்தான் கதைக்கிறோம். தமிழ்ப் பாடசாலைப் பகிடிகள் தமிழில் வரும், வேலைக் கதைகள் ஜேர்மனில் வரும். நிறுத்தி "தமிழில சொல்லு" என்றால் சொல்ல வந்தது நின்றுபோகும்.

ஊருக்குள் திரும்பிய பிறகு நேரம் இருந்தால் ஊர்சன் பேராலயத்தின் படிகளில் ஒரு படம் எடுத்துக்கொள்வோம். இந்த நகரத்துக்குப் பதினொன்று என்ற எண்ணில் தனிப் பிரியம். 1481இல் சுவிஸ் கூட்டமைப்பில் பதினோராவது மாநிலமாகச் சேர்ந்தது சோலோதுர்ன். 1773இல் கட்டி முடித்த பேராலயத்தின் படிகளும் பதினொன்று பதினொன்றாகவே ஏறுகின்றன, உள்ளே பதினொரு பீடங்கள், கோபுரத்தில் பதினொரு மணிகள். எட்டாம் வகுப்பில் நாங்கள் எடுத்த படமும் இதே படிகளில்தான். இடம் மாறாமல் எடுத்தால் ஆள் மாறியது தெரியும் என்று சொல்லித் துணிக்கடைக்காரன் எல்லோரையும் பழைய வரிசையில் நிறுத்துவான். அவனுக்குத்தான் யார் எந்தப் படியில் நின்றோம் என்ற நினைவு இருக்கிறது.

ரயில் நிலையத்தில் பிரிவதற்கு முன் அடுத்த நாளைக் குறித்துவிடுங்கள். "பிறகு பார்ப்பம்" என்று சொல்லிப் பிரிந்தால் அது நடக்காது. எங்களுடைய அடுத்த சந்திப்பு மே மாதம், தமிழ்ப் பொதுத்தேர்வு நாள். பழைய மாணவர்களாக மண்டபத்தில் கதிரை அடுக்கவும் சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகவும் ஆள் வேண்டும் என்று ரீச்சர் இப்போதே கேட்டிருக்கிறார். மறுநாள் ஞாயிறு, பருவகாலக் கப்பல் ஓடத் தொடங்கியிருக்கும். ஆர் நதியில் பீல் பக்கமாகப் போய், நாரைகள் கூடுகட்டும் அல்ட்ரோயில் இறங்கலாம் என்பது பீல் தோழியின் யோசனை. சுவிற்சர்லாந்தில் வெண்நாரைகள் அற்றுப்போகும் நிலை வந்தபோது, 1948இல் மக்ஸ் புளோஷ் என்பவர் அவற்றைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியைத் தொடங்கிய ஊர் அது. கப்பல் நேரம் பார்ப்பது அவள் பொறுப்பு. செலவு வரியை எழுதி அனுப்புவது என்னுடையது. தாதிமை பழகும் தோழியின் மே மாத அட்டவணை இன்னும் வரவில்லை. அது வந்த பிறகுதான் மற்றதெல்லாம்.